அமாவாசை அன்று எழுதிய பரீட்சை

நான் பிறவிச் சந்தேகப் பிராணி. பால் பாக்கெட்டை இரண்டு தரம் முகர்ந்து பார்க்காமல் காய்ச்ச மாட்டேன். ஆனாலும் அம்மாவுக்கு முன்னால் நான் ஒன்றுமே இல்லை. வாசலில் யாராவது கூப்பிட்டால் அவள் ஜன்னல் இடுக்கு வழியாக முதலில் கீழேதான் பார்ப்பாள். கிடக்கும் செருப்பை வைத்தே வந்திருப்பது யார், எதற்கு வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். மாமாவுக்கும் அதே பழக்கம் உண்டு. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

நெட்வொர்க்கிங் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வழி அமைத்துக் கொடுக்கும் வேலை அது, அதில் ஆரம்பச் சான்றிதழ் வாங்கினால் சென்னையில் ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது என்று விளக்கினேன்.

"சொல்லிக்கிறானா, எழுதிக் குடுத்துக்கிறானா?" என்று கேட்டாள்.

மெயிலைப் படித்துக் காட்டினேன். ஏற்கெனவே ஒருமுறை எழுதித் தோற்றிருந்தேன். இன்னொரு வாய்ப்புதான், அதிலும் தோற்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அதில் நயமாக எழுதியிருந்தார்கள். அம்மா அதை முழுக்கக் கேட்டுவிட்டு, "செஞ்சிலியே மொபைல் கடைல ஆள் கேக்கறாங்க" என்றாள். அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது. இவளுக்கு நான் ஊரை விட்டுப் போவதில் இஷ்டமில்லை.

நெட்வொர்க் முகவரிகளைப் பிரித்துக் கணக்குப் போடும்போது எனக்கு உதடு அசையும். அம்மா அதைப் பார்த்துவிட்டு, யாரோடு கிசுகிசுக்கிறேன் என்று பூனை மாதிரி பின்னால் வந்து நிற்பாள். என் காதில் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் நகர்வாள். உள்ளே யாரை விடலாம் என்று, நெட்வொர்க் வாசலில் நிற்கும் கருவியான ரவுட்டருக்கு நாம் வரிசையாக விதி எழுதுவோம். அந்த விதிகளுக்குக் கடைசியில், நாம் எழுதாமலே ஒரு விதி இருக்கும்: அனுமதி சொல்லாத எதையும் உள்ளே விடாதே. அந்தப் பாடம் எனக்கு ஒரே வாசிப்பில் மண்டையில் ஏறியது. அதில்தானே வளர்ந்திருக்கிறேன்.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் எங்கேயோ இருக்கும் கண்காணிப்பாளர் ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது, வேறு குரல் கேட்கக்கூடாது. கேட்டால் பரீட்சை அங்கேயே ரத்து.

"எவனோ நம்ம வூட்டுக்குள்ள பாப்பானா? எதுக்கு?"

"நான் காப்பி அடிக்காம எழுதறனான்னு பாக்கறதுக்குத்தாம்மா."

அம்மாவின் முகம் சுண்டிப் போனது. "உன்னப் பாத்தா திருடி மாரி இருக்குதா அவனுக்கு?"

பிறகு அவளே நாள் குறித்தாள். "அமாவாசைல வச்சிக்க. நல்ல நாளு. உங்க நைனாவும் வூட்ல இருக்க மாட்டாரு."

அப்பா அமாவாசை தோறும் மேல்மலையனூர் அம்மன் கோயிலில் எலுமிச்சம்பழக் கடை போடப் போய்விடுவார். அது சரி. ஆனால் அதே அமாவாசை தோறும் அவலூர்பேட்டையிலிருந்து மாமா தன் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுவிட்டு இங்கிருந்துதான் கோயில் பஸ் ஏறுவார்கள். மாமாவின் குரல் தெருமுனையிலேயே கேட்கும். இது அம்மாவுக்குத் தெரியாதா? வேண்டுமென்றேதான் அந்த நாளைப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. மாமாவிடம் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். கூடப் பிறந்தவனை அமாவாசையில் வராதே என்று எப்படிச் சொல்வது, பரீட்சை என்று சொன்னால் கண் பட்டுவிடும் என்றாள். "வந்தா நான் பாத்துக்கறேன்." அந்தப் பேச்சை நான் ஒரு சொல்கூட நம்பவில்லை.

அன்று கண்காணிப்பாளர் மேஜைக்கு அடியில் காட்டச் சொன்னார், காது மடலைக் காட்டச் சொன்னார், பிறகு ஜன்னலை மூடச் சொன்னார். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை மட்டும்தான் தெரிகிற ஜன்னல். கோட்டை மேலிருந்து எனக்கு யார் விடை சொல்லப்போகிறார்கள்? கடுப்பாக இருந்தது. மூடினேன்.

பாதிப் பரீட்சையில், உதடு அசைகிறது, இனி அசைந்தால் நிறுத்திவிடுவேன் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. வாயை இறுக்கிக்கொண்டேன். அப்போதுதான் வெளிக் கேட் கிறீச்சிட்டது. பிள்ளைகளின் சிரிப்பு கேட்டது. "யக்கா" என்று மாமாவின் குரல் எழும்பியது. தொலைந்தோம் என்று நினைத்தேன். அம்மா இப்போது கதவைத் திறந்து, வாடா என்பாள், எல்லாம் முடியும். ஆனால் குரல் பாதியிலேயே நின்றது. பிள்ளைகளின் சத்தமும் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதியையும் நான் நம்பவில்லை, கடைசிக் கேள்வி வரை காதைத் தீட்டிக்கொண்டே எழுதினேன்.

பாஸ் என்று திரையில் வந்ததும் கதவைத் திறந்து ஓடினேன். அம்மா அடுப்படியில் விளக்கைக்கூடப் போடாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுத உட்கார்ந்ததுமே வாசல் கிரில் கேட்டுக்கு வெளியே கையை நீட்டிப் பூட்டைப் போட்டுவிட்டு, போனை அணைத்துவிட்டு, வீட்டில் யாருமில்லாத மாதிரி உட்கார்ந்துவிட்டாளாம்.

"என் தம்பிய வாசலோட அனுப்பிச்சேன்" என்றாள். "உன்னத் திருடின்னு அந்தக் கேமராக்காரன் சொல்லக்கூடாதுல்ல, அதுக்குதான்."

பூட்டைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள். பூட்டிய கேட்டுக்கு வெளியே படியில் அவளுடைய செருப்பும், நான் புதிதாக வாங்கிய சிவப்புச் செருப்பும் கிடந்தன. ஊரார் செருப்பை எல்லாம் எடை போடுகிறவளுக்கு, தன் செருப்பை உள்ளே எடுத்து வைக்கத் தோன்றவில்லை.

"பாத்துருப்பானா?" என்று கேட்டாள். அதன்பிறகு தினமும் கேட்டாள். ஆனால் நான் வேலையில் சேரும்வரை பரீட்சையைப் பற்றி மாமாவிடம் மூச்சு விடக்கூடாது, கண் பட்டுவிடும் என்றாள். அடுத்த அமாவாசைக்கு மாமா வரவில்லை. போன் செய்தால் வேலை இருக்கிறது என்றார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. பார்த்திருந்தால் சண்டை போட்டிருப்பார் என்றாள் அம்மா. பார்க்காமல் இருந்தால் வந்திருப்பாரே என்றேன் நான்.

நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று, யார் சொல்லியோ, மாமா பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். கொஞ்சம் தள்ளியே நின்றார். என் சிவப்புச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கு எனக்குப் பரீட்ச மாமா. சத்தம் கேட்டா ரத்து பண்ணிடுவாங்க. அதான் அம்மா பூட்டிக்கினாங்க."

"பரீட்சையா?" மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புதுச் செருப்பு வாசல்ல கெடக்குது, வூடு பூட்டிக்குது. உன்னப் பொண்ணு பாக்க வந்துக்கிறாங்க, தாய்மாமன் எனக்கே மறைக்கறாங்கன்னு நெனச்சேன் பாப்பா."

"அப்டின்னா கதவத் தட்டி ஒரு வார்த்த கேக்கறதுதானே?"

"எப்டிக் கேக்கறது? நல்ல காரியம் நடக்கற எடம். சத்தம் போட வேணான்னு பசங்க வாயப் பொத்தி இட்டுனு போயிட்டேன்."

பக்கத்தில் நின்ற அம்மா தம்பியின் முகத்தைப் பார்க்காமல், அவர் காலில் கிடந்த தேய்ந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.