ஊதா ரயிலும் அக்காவின் தீபாவளி வாழ்த்தும்

போன ஞாயிறு லாபிஸ் ஊரில் அக்கா வீட்டு அலமாரியைக் குடைந்தபோது ஒரு கேசட் அகப்பட்டது. மேலே பேனாவில் ‘ஊதா ரயில்’ என்று எழுதியிருந்தது.

உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? இருக்காது! அந்த வட்டாரத்துப் பையன்கள் நான்கு பேர் நடத்திய சைக்கடெலிக் ராக் குழு. பாடகர் கிடையாது. கிட்டார் மட்டும் வளைந்து, நெளிந்து, தலையைச் சுற்ற வைக்கும். பள்ளித் திடலில் கூட்டத்தின் கடைசியில் நின்று கேட்டுவிட்டுப் பித்துப் பிடித்தவன் போல் திரிந்தேன்.

என் பழைய காரில் இன்னும் கேசட் பிளேயர் உண்டு. (விற்கச் சொல்லிச் சொல்லி மனைவி ஓய்ந்துவிட்டாள்.) ஸ்கூடாயில் என் வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிம்பாங் ரெங்கத்தில் டீக்கு நிறுத்தினேன். கடைக்காரரிடம் கேசட் கிடைத்த சந்தோஷத்தைச் சும்மா சொல்லிவைத்தேன். அவர் ஆற்றிக்கொண்டிருந்த தே தாரேக் பாதியில் நின்றது.

“ஊதா ரயிலா? அதுல கிட்டார் நாந்தாங்க... காதர்!”

கல்லாவில் இருந்த மகள் சிரித்தாள். “அத்தா ஆரம்பிச்சுட்டாங்க லா! பொறந்ததுலேர்ந்து இந்தக் கதைதான் சார். ஒரு போட்டோகூட கிடையாது.”

மனிதர் முகம் சுருங்கிப் போனது. “ரெண்டாவது பாட்டுல நான் வேகமா ஓடிருவேன். டிரம்ஸ் அடிச்ச மணியம் என் பேரச் சொல்லித் திட்டுவான். அது அப்படியே பதிவாயிருச்சு. அது மட்டும் இருந்தா போதுங்க...”

மூவரும் காரில் ஏறினோம். பட்டனைத் தட்டினேன்.

‘லாபிஸில் இருக்கும் அத்தை, மாமா, சித்தப்பா பிள்ளைகள் அனைவருக்கும்...’

அலமாக்! அக்கா அதன் மேலேயே ரேடியோ தீபாவளி வாழ்த்தைப் பதிவு செய்திருக்கிறாள்! அந்தக் காலத்தில் நம் வீடுகளில் இது வழக்கம்தானே? ரேடியோவில் நம் பெயர் வந்தால், கைக்குக் கிடைத்த கேசட்டில் பிடித்து வைப்போம். அக்கா கைக்குக் கிடைத்தது இது.

பெரியப்பா, சின்னம்மா, அடுத்த வீட்டு அங்கிள்... பெயர்கள் முடிகிறபாடில்லை. காதர் கதவைத் திறக்கப் போனார். “பரவால்லைங்க... கடையில ஆள் காத்திருக்காங்க.”

கடக்! அக்காவின் பதிவு அத்தோடு முடிந்தது; அதற்குப் பிறகு இருந்தது அழியவில்லை.

கிட்டார் பாய்ந்து வந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. மகள்தான் உதட்டைப் பிதுக்கினாள். “யாரு வேணும்னாலும் வாசிச்சிருக்கலாம்ல?”

கிட்டார் வேகமெடுத்தது. இன்னும் வேகம்... பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது: “டேய் காதரு! மெதுவாடா! பெலான் பெலான்!”

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்ல, “அத்தா... இன்னொரு வாட்டி போடச் சொல்லுங்க” என்றாள். காதர் சிரித்துக்கொண்டே கண்களைத் துடைத்தார். நானும்தான்.

வாயே திறக்காத குழு — கடைசியில் அதன் மானத்தைக் காப்பாற்றியது ஒரு திட்டு!

கடைக்குள்ளிருந்து ஒருவர், “என் தே என்னாச்சு?” என்று சத்தம் போட்டார். மகள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“கொஞ்சம் பொறுங்க லா! கிட்டாரிஸ்ட் வருவாங்க!”