ஜாமீன் கையெழுத்து

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சுற்றத்தாருக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். இக்கட்டுரையை எழுதச் சொன்னவர் அம்பர்நாத் பெரிய மாமா. நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியலையும் அவரே வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். முதல் பெயர் அவருடையதுதான். அந்தப் பட்டியலை நான் சேர்க்கவில்லை. மாமா கண்ணில் படுவதற்கு முன் அச்சகத்துக்கும் நானே நேரில் போய் இதைக் கொடுத்தேன். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் சத்தமாகப் படித்துக் காட்டவும். நடுவில் எதையும் விட்டுவிட வேண்டாம்.

அண்ணன் தாராவியில் பிறந்தார். அப்பா மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் மாவாட்டினார். எங்கள் அறையின் ஒரே ஜன்னல் பக்கத்து பெல்ட் பட்டறையைப் பார்த்தபடி இருக்கும். தோல் வாடைக்கும் பசை வாடைக்கும் நடுவில்தான் அண்ணன் படித்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ராணுவம் நடத்தும் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பதிலுக்கு, ராணுவ டாக்டராகக் குறிப்பிட்ட வருடங்கள் வேலை செய்வேன் என்று பாண்டு எழுதித் தர வேண்டும். இடையில் விலகினால் பெருந்தொகை கட்ட வேண்டும். அப்பாவோடு இன்னொருவரும் அதில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

நம் சொந்தத்தின் வீரத்தை அன்றுதான் பார்த்தேன். பெரிய மாமா காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "நாளைக்கு இவன் ஓடிட்டாம்னா மிலிட்டரிக்காரன் என் வீட்டு வாசல்லலா வந்து நிப்பான்? எனக்கு எதுக்குவே இந்த வம்பு, லஃபடாலாம்?" என்று அப்பாவிடம் கேட்டார். காட்கோபர் சித்தப்பாவுக்கு அன்று பார்த்து வலது கையில் சுளுக்கு. துணி வேறு சுற்றிக்கொண்டு வந்தார். மறுவாரம் அதே கையால் அவர் கேரம் ஆடியதை நான் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் கையெழுத்துப் போட்டவர் பெல்ட் பட்டறை பாய். அவர் எங்களுக்கு எந்த முறையும் இல்லை. காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு அண்ணனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சொன்ன வருஷம் பூரா இருந்துருவியாடே?"

"இருந்துருவேன் பாய்."

"அப்போ பேனாவக் குடு."

அண்ணன் கேப்டன் ஆனதும் எல்லோருக்கும் சுளுக்கு சரியாகிவிட்டது. லீவில் அவர் வந்தால் போதும், ஜாமீனுக்கு வராத கைகள் எல்லாம் மிலிட்டரி கேண்டீன் ரம்முக்கு நீண்டன. அண்ணன் யாருக்கும் ஒரு பாட்டில்கூடக் கொண்டுவந்ததில்லை. அவர்களுடைய ரத்த அழுத்தத்தைப் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவைத்தார். அதற்காகவே தலைக்கனம் பிடித்தவர் என்று பெயர் வாங்கினார்.

பிறகு செம்பூரில் நர்ஸிங் ஹோம் வைத்திருக்கும் ஒருவர் பெண் கொடுக்க முன்வந்தார். மாப்பிள்ளை உடனே வேலையை விட்டு வர வேண்டும் என்றும், பாண்டுப் பணத்தைத் தாமே கட்டிவிடுவதாகவும் சொன்னார். மாமா துள்ளிக் குதித்தார். முன்பணம் கட்டி, பழைய வாடகையில் தலைமுறையாகப் பகடி வீட்டில் இருப்பவனையும் காசைக் கொடுத்துக் கிளப்புகிற ஊர் இது. அண்ணனின் வாக்கும் அவருக்கு ஒரு பகடி வீடுதான். "துட்டத் தூக்கிப் போட்டா சாவி நம்ம கையில" என்றார். வெட்கமே இல்லாமல் சொன்னார்.

அண்ணனிடம் பேசும் வேலையை என்னிடம் விட்டார்கள். அப்பா அதற்குள் இறந்துபோயிருந்தார், அம்மாவுக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது, பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். அவர் வந்தால் போதும் என்றிருந்தது. போனில் அழுதேன்.

"பாண்ட உடைச்சிட்டு வாண்ணா. எல்லாரும் அப்படித்தான செய்யுதாங்க."

"இங்க நான் ஒருத்தன்தான்ட்டி டாக்டர். பணத்தக் கெட்டிட்டு வந்துரலாம். ஆனா எனக்குக் குடுத்த சீட்ட இன்னொருத்தனுக்குக் குடுத்திருந்தா அவன் இப்போ இங்க நின்னுருப்பாம்லா? அவன நான் எங்க போய்த் தேடுவேன்? இன்னும் ஒன்றர வருஷந்தான். பல்லக் கடிச்சிக்கோ."

"அம்மாவ விட உனக்கு அந்தக் காயிதம் பெருசா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அதன் பிறகு அவர் அழைத்தபோதெல்லாம் அம்மாவின் காதில் போனை வைத்தேனே தவிர, நான் பேசவில்லை. பெண்வீட்டாரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

சொன்ன வருடங்கள் முடிய நான்கு மாதம் இருந்தது. மலை முகாமில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அண்ணனுக்கு மாரடைப்பு வந்தது. அங்கே இருந்த ஒரே டாக்டர் அவர்தான்.

அண்ணனின் உடல் தாராவிக்கு வந்த அன்று தெருமுனையில் பேனர் நின்றது. நடுவில் சீருடையில் அண்ணன், மூலையில் கூப்பிய கையோடு பெரிய மாமா. துக்கம் கேட்க வந்தவர்களிடம் அவர், "அன்னைக்கே பாண்ட உடைச்சிருந்தா இன்னைக்கு உசுரோட இருந்திருப்பான்" என்று வாய் ஓயாமல் சொன்னார். சித்தப்பா தலையாட்டினார். அந்தச் சொல் என் வாயிலிருந்தும் வந்ததுதான். அருவருப்பாக இருந்தது. அதில் பாதி என் மேல்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தபோது பாய் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் அந்தப் பழைய பாண்டின் ஜெராக்ஸ், மடிப்பு மடிப்பாகப் பழுத்துப்போய் இருந்தது. என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பிக்கு நாலு மாசம் பாக்கி நின்னுட்டுதேம்மா. ஜாமீன் போட்டவன் நான்லா? அதுக்கு நான் என்ன செய்யணும்? பட்டறையப் பையன் பாத்துக்கிடுவான். அங்க கூட்டிக் கழுவுற வேலைன்னாலும் நான் போறேன்."

பந்தியிலிருந்தே காது கொடுத்துக்கொண்டிருந்த மாமா சிரித்தார். நான் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் செத்த நாளிலிருந்து வராத அழுகையை அழுதேன்.

நன்றி: பெல்ட் பட்டறை பாய்க்கு. வேறு யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை.