ஊசியைத் தூக்கியவன்

சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிப்பதற்காக மாதத்தில் ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருப்பது என் தலைவிதி. போன கிழமையும் அப்படித்தான். வெறும் வயிறு. எதிரே கை வைத்து மறைக்காமல் இருமுகிற ஒருவர், பக்கத்தில் என் தோளைத் தலையணையாக்கி நித்திரை கொள்கிற இன்னொருவர். தாதிப் பிள்ளை பஞ்சில் ஸ்பிரிற்றைத் தொட்டு என் முழங்கை மடிப்பில் தேய்த்தாள். அந்த மணம் மூக்கில் ஏறிய அதே நேரம் சட்டைப் பையில் கைப்பேசி துடிக்கத் தொடங்கியது. எங்கள் பழைய ரொக் இரசிகர்களின் வாட்ஸ்அப் குழு. அங்கே சண்டை தொடங்கினால் ஓய அரை நாள் ஆகும்.

சண்டை ஒரு அல்பத்தைப் பற்றி. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் உங்களுக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கும், அதையும் கேட்க எனக்குத் தெம்பில்லை. நாங்கள் இளந்தாரிகளாக இருந்தபோது கேட்ட அந்த இசைத்தட்டை இப்போது துடைத்து மினுக்கிப் புதுப் பெட்டியில் போட்டு விற்கிறார்களாம். கனடாவிலிருக்கும் குணம் ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு எத்தனை என்று புள்ளி போட்டிருந்தான். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்த காலத்திலிருந்தே அவனுக்கு இந்த வியாதி. சிட்னிக்காரர் ஒருவர் ஏழு நிமிடத்துக்குக் குரல் பதிந்து அனுப்பியிருந்தார்; பின்னால் யாரோ சட்டி கழுவும் சத்தம். எனக்கு அருவருத்தது. பேரப்பிள்ளை கண்ட மனிதர்கள், எவனோ மேளம் அடித்தது சரியா பிழையா என்று ஆளை ஆள் கடித்துக் குதறுகிறார்கள். பார்க்காமலும் இருக்க முடியவில்லை என்பதுதான் இன்னும் கேவலம்.

அப்போது குணம் இப்படி எழுதினான்: "கடைசிப் பாட்டு இப்ப கொண்டுவந்து ஒட்டினது. எங்கட காலத்து ஒரிஜினல்ல அப்பிடியொரு பாட்டே இல்லை. வியாபாரக் குப்பை." கீழே வரிசையாகப் பெருவிரல்கள்.

குணம் சொல்லும் அந்த ஒரிஜினல் திருகோணமலையில் செய்யப்பட்டது. செய்தவன் நான்.

ஸ்பிரிற் மணத்துக்கு வருகிறேன். எனக்கு அது ஆஸ்பத்திரி மணம் அல்ல, ரெக்கோடிங் பார் மணம். கேட்டவர்களுக்குக் கேட்ட பாட்டைக் கசற்றில் பதிந்து கொடுக்கும் கடையை அப்படித்தான் சொல்லுவோம். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, பஞ்சில் ஸ்பிரிற் தொட்டு, கசற் ரேப் ஓடும் மெசினின் தலையைத் துடைப்பது. அதோடு பக்கத்துக் கடைக் கருவாட்டு நாற்றமும் கலந்து வரும். சிக்கி அறுந்த ரேப்பைக் கொல்லையில் எறிவேன். ரவுனுக்குள் திரிகிற மான்கள் வந்து அதைச் சப்பும். சப்பிவிட்டு என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு மரியாதையும் இருக்காது.

கடை முதலாளி நவாஸ் நானா கிண்ணியாக்காரர். அப்போது பாலம் இல்லை. பாதையில் ஏறிக் களப்பைக் கடந்துதான் வருவார். பாதை என்றால் வழி அல்ல, ஆளையும் வாகனத்தையும் ஏற்றி இறக்கும் மிதவை. ஆங்கிலப் பாட்டு வியாபாரத்தில் ஊரிலேயே பேர் போன மனிதர், ஆனால் அந்தப் பாட்டுகளைக் கண்ணில் காட்டக்கூடாது. "இது பாட்டா தம்பி? போட் எஞ்சின் பழுதான சத்தம். சத்தத்தைக் குறையுங்க, எனக்கு நெஞ்சு அடைக்குது" என்பார். நான் குறைப்பேன். அவர் தொழப் போனதும் கூட்டுவேன்.

என் கூட்டாளி சேவியர் துறைமுகத்தில் சரக்கு எண்ணுகிற வேலை செய்தவன். ஒரு கப்பல்காரன் தன் அறையில் வைத்து அந்தத் தட்டை அவனுக்குப் போட்டுக் காட்டி, போகும்போது கொடுத்துவிட்டும் போனான். உறை இல்லை. நடுவில் ஒட்டிய தாள் உப்பு ஈரத்தில் ஊறி எழுத்து அழிந்திருந்தது. சேவியரின் வீட்டில் தட்டுப் போடும் மெசினும் இல்லை. "மச்சான், இதைக் கசற்றில அடிச்சுத் தா. கடைசிப் பாட்டைக் கவனி. அதுக்காகத்தான் மிச்சம் முழுக்க" என்று என்னிடம் கொடுத்தான்.

கவனித்தேன். ஒன்பது நிமிடம். முதல் நாலு நிமிடத்துக்கு ஓர்கன் ஒன்று ஒரே இடத்தில் நின்று அழுகிறது, அதன் மேல் ஒரு மனிதன் மூச்சு விடுகிறான். இழுத்து, விட்டு, இழுத்து. அந்த வருடம்தான் என் அப்பாவுக்கு இழுப்பு முற்றியது. வீட்டில் அந்தச் சத்தம் இல்லாத இடம் கிடையாது. சோறு தின்னும்போதும் கேட்கும். அதிலிருந்து தப்பத்தான் விடிந்ததும் கடைக்கு ஓடிவருவேன். இங்கேயும் அதுவா? தட்டின் மேலிருந்து ஊசியைத் தூக்கினேன். ரேப்பைப் பின்னுக்குச் சுற்றி, அந்த இடத்தில் வேறொரு கூட்டத்தின் துள்ளல் பாட்டு இரண்டைப் பதிந்தேன். கசற் முடிவில் வெறுமையாக விட்டால் வாங்குபவர்கள் ஏசுவார்கள் என்பதால் மிச்சத்தை நிரப்புவது எல்லாக் கடையிலும் வழக்கம்தான். பாட்டை எடுத்துவிட்டு நிரப்புவது வழக்கமில்லை.

ஊரில் அந்தத் தட்டு ஒன்றுதான். ஆகவே திரியாயிலிருந்து பஸ் ஏறி வந்தவனுக்கும், நிலாவெளி ஹோட்டலில் கோப்பை கழுவியவனுக்கும், குணத்துக்கும், எல்லாருக்கும் போனது என் அல்பம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு எல்லாரும் கடை வாசலில் கூடுவார்கள். அல்பத்தைப் பிரித்து மேய்வார்கள். இரண்டாம் பக்கம் தேறாது என்பான் குணம். துள்ளலாக முடிவதுதான் அதன் பெருமை என்பான் திரியாய்க்காரன். என் துள்ளல் பாட்டுக்குக் குணம் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தான். சேவியர் மட்டும், "அது கடைசிப் பாட்டில்லை. கடைசிப் பாட்டு வேற" என்று நின்றான். ஒருநாள் மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அதை முணுமுணுத்தும் காட்டினான். மூச்சையும் சேர்த்து.

"சேவியர், கப்பல்ல குடிச்சது பாட்டுக்கு முன்னமோ பின்னமோ?" என்றான் குணம். வாசலே சிரித்தது.

சேவியர் என் பக்கம் திரும்பினான். "நீதானே பதிஞ்சனீ. நீ கேட்டனீ. இவங்களுக்குச் சொல்லு."

ஓம் என்றால் ஏன் தூக்கினாய் என்று கேட்பார்கள். பிறகு அந்த வாசலில் நின்று அப்பாவின் கதையைச் சொல்லவேண்டும். "இல்லை. தட்டில இருந்தது அவ்வளவுதான்" என்றேன். சொல்லிவிட்டு அவர்களோடு சேர்ந்து சிரித்தேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

"அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால தட்டைப் போடு" என்று சேவியர் சொல்லிவிட்டுப் போனான்.

தட்டு கடையிலேயே, பின் யன்னலடியில் இருந்தது. நான் வேண்டுமென்று அங்கே வைக்கவில்லை. ஆனால் புதன்கிழமை மத்தியானம் வெயில் ஊர்ந்து ஊர்ந்து அதன் மேல் வருவதைக் கண்டேன். கண்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். திரும்பி வரும்போது அது பொரித்த அப்பளம் போல நெளிந்து கிடந்தது.

அந்த ஞாயிறு முதல் அவனுக்குக் 'கடைசிப்பாட்டுச் சேவியர்' என்று பெயர். நெளிந்த தட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனவன் பிறகு கடைப்பக்கம் வரவேயில்லை. தெருவில் கண்டால் தலையை மட்டும் ஆட்டுவான்.

இரத்தம் கொடுத்தபின் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடி குணத்துக்குப் பதில் எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். பிறகு, இதை முதலில் கேட்கவேண்டியவனிடம் இந்தப் பெருவிரல் போன் இல்லையே என்று உறைத்தது. அந்தப் பாட்டைக் கைப்பேசியில் தேடி எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

சேவியர் குசினியில் நெத்தலி துப்பரவாக்கிக்கொண்டிருந்தான். மனைவி மகளோடு இருக்கப் போய்விட்டாளாம், தனிச் சமையல். "வா. கை நாறுது, கதிரையை நீயே இழு" என்றான், நேற்றுத்தான் சந்தித்த மாதிரி.

"ஒரு பாட்டுக் கொண்டுவந்தனான்."

அவன் கையில் மீன் என்பதால் கைப்பேசியை நானே அவன் காதோடு பிடித்தேன். ஒன்பது நிமிடம். கை உளைந்தது, மாற்றிப் பிடித்தேன். ஒரு நிமிடம் வரைக்கும் மீன் தலை கிள்ளினான். பிறகு நிறுத்திவிட்டான். பூனை வந்து ஒன்றை இழுத்துக்கொண்டு போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஓம், இதுதான். நான் மனசில இதைவிடக் கொஞ்சம் மெதுவா வைச்சிருந்தனான்" என்றான்.

"தட்டில இருந்தது. நான்தான் ஊசியைத் தூக்கினனான். தட்டு வெயில்ல கிடந்ததையும் கண்டனான்."

ஏசுவான் என்று காத்திருந்தேன். ஏசினால் சுகமாக இருந்திருக்கும்.

"ஏன்?" என்றான்.

"அப்பாவின்ர இழுப்பு மாதிரிக் கேட்டுது. கேட்டுக்கொண்டு இருக்க ஏலாமல் போச்சு."

அவன் எழும்பிக் கை கழுவினான். சவர்க்காரம் போட்டு, நகக்கண் வரைக்கும், வெகுநேரம் கழுவினான். எனக்கு முதுகைக் காட்டியபடி சொன்னான். "அதைச் சொல்லியிருக்கலாமேடா. அந்தப் பாட்டைப் பிடிக்கேல்லை எண்டு சொல்ல உன்னட்டத்தான் ஒழுங்கான காரணம் இருந்தது. நாங்கள் மற்ற ஆக்கள் சும்மா கத்தினனாங்கள்."

பொரித்த நெத்தலியும் சோறும் தின்றுவிட்டுத்தான் வந்தேன். ரெக்கோடிங் பார் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். பாதைக்குப் பதில் பாலம். நவாஸ் நானா மௌத்தாகிவிட்டார். வாசலில் நின்று சண்டை பிடிக்க இடமும் இல்லை, ஆளும் இல்லை. மான்கள் மட்டும் அதே மரியாதையில்லாத பார்வையோடு பொலித்தீன் சப்புகின்றன.

வீட்டுக்கு வந்து குழுவில் எழுதினேன்: "கடைசிப் பாட்டு முதலிலிருந்தே இருந்தது. சேவியர் சொன்னது சரி. எடுத்தது நான்." இம்முறை அழிக்கவில்லை.

குணம் ஒரு பெருவிரல் போட்டான். சிட்னிக்காரர் ஒரு பெருவிரல். அதற்குக் கீழே இன்னும் பதினொன்று. பிறகு யாருக்கோ பிறந்தநாள் என்று ஒரு கேக் படம் வந்தது, எல்லாரும் அதற்குப் போய்விட்டார்கள். படுக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.