தனம் முழுங்காத சொல்

போன செவ்வாய்க்கிழமை காலை மருத்துவமனைப் பதிவுக் கவுண்டரில் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரவாங்கிலிருந்து தனத்தின் தம்பி மகன் போன் செய்தான். "அங்கிள், அத்தை போய்ட்டாங்க." "ஷுவரா? டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டேன். கேட்கிற கேள்வியா அது? அவன் பாவம், "ஷுவர் அங்கிள்" என்றான்.

தனத்தை அறிந்தவர்களுக்கு நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று புரியும். கிள்ளானில் ஒரே கவுண்டரில் பதினெட்டு வருஷம் எங்களுக்கு அடுத்தடுத்த நாற்காலி. பெயர் பதிவதுதான் வேலை. ஆனால் தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி வந்தால், டாக்டர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல எங்களில் ஒருவரைக் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்வது 'ப்ராபப்லி'. நாங்கள் எல்லாரும் அதை முழுங்கிவிடுவோம். தனம் மட்டும் 'அநேகமா' என்று நிறுத்திச் சொல்வார். சந்தேகம் வந்தால் டாக்டரையே மடக்குவார்: "நெசமாவே ப்ராபப்லியா, இல்ல சும்மா ஆறுதலுக்கா டாக்டர்?"

கல்யாணத்துக்கு அழைத்தாலும் "அநேகமா வரேன் லா" என்பதுதான் பதில். என் மகள் கல்யாணத்துக்கு அப்படிச் சொன்னபோது என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு முதல் ஆளாக வந்து பந்தி விசாரித்தவர் தனம்தான்.

ஒருமுறை ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டு ஒருவர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். வேலை பெர்மிட்டில் வந்து எட்டு மாதம். விரல்கள் ப்ராபப்லி பிழைத்துவிடும் என்றார் டாக்டர். கடல் தாண்டி வந்து ஒண்டியாகக் கிடக்கிறவரைப் பயமுறுத்துவானேன் என்று, "ஒண்ணும் ஆவாது தம்பி, விரல் தப்பிச்சிருச்சு" என்றேன். அவர் ஊரில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டு அதையே சொன்னார். மூன்றாம் நாள் இரண்டு விரலை எடுத்தார்கள்.

"அண்ணே, டாக்டர் அப்படியா சொன்னாரு?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. முதல் நாளும் கூட இருந்த தனம்தான் சொன்னார்: "இல்ல தம்பி. அநேகமான்னுதான் சொன்னாரு. இவரு பயந்துபோய் அத விட்டுட்டாரு."

ஒரு வாரம் தனத்தோடு நான் பேசவில்லை. அவர் பாட்டுக்குத் தினமும் எனக்கும் சேர்த்து நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு வாங்கி வந்து மேசையில் வைத்தார். கடைசியில், "அந்தச் சொல்லு நோயாளியோடது ராமு. நீங்க எடுத்து வச்சிக்கக் கூடாது" என்றார். அதற்கு மேல் நான் எங்கே முறைத்துக்கொண்டிருக்க?

போன வருஷம் நோய் அவருக்கே வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ஃப்ளாட்டில் தனி ஆள் என்பதால் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். சிகிச்சையை உடம்பு தாங்கினால் ப்ராபப்லி அடுத்த தீபாவளியைப் பார்க்கலாம் என்றார் டாக்டர். தனத்தின் ஆங்கிலம் என்னுடையதைவிட நல்ல ஆங்கிலம். ஆனாலும் என் பக்கம் திரும்பினார்.

"தமிழ்ல சொல்லுங்க ராமு. வீட்டுக்குப் போனா எனக்குச் சொல்ல யாரு இருக்கா?"

அந்த ஒரு சொல்லை முழுங்க எப்படித் துடித்தேன் தெரியுமா! "அடுத்த தீபாவளிய... அநேகமா பாத்துருவீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "முழுங்கல. அது போதும்."

தீபாவளிக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்கு வேறு ஆள் போடவில்லை. நாசி லெமாக் பொட்டலத்தை நானே வாங்கி, நானே பிரித்து, பாதியில் மடித்துவைத்துவிடுகிறேன். தனத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். இனி அதை யாரிடமிருந்தும் எடுத்துக்கொள்ளமாட்டேன். இல்லாத இடத்தில் போடவும் மாட்டேன்.

நேற்று வழக்கமாக வரும் நோயாளி ஒருவர் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அண்ணே, அந்த அக்கா லீவா? நாளைக்கு வருவாங்களா?"

என் வாயில் முதலில் வந்தது அந்தச் சொல்தான். சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார், ஒரு நாளைக்கு நானும் நம்பியிருப்பேன்.

"வரமாட்டாங்க" என்றேன்.