அனுப்பியாச்சு என்று சொன்ன திரை

முதலாளியின் கட்டைவிரல் கம்ப்யூட்டரின் ரீசெட் பொத்தான்மேல் இருந்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கொடுக்கிற மனிதரின் கையைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு அன்றைக்கு எனக்கு ஆத்திரம்.

"விடும்மா. போன பௌர்ணமிக்கும் இதே கதைதான். அமுக்கினா சரியாயிடும்."

"சரியாவாது சார். மறந்துடும். ரெண்டும் ஒண்ணா?"

மேஜைக்கு அந்தப் பக்கம் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா, ஒயர் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். கிரிவல நெரிசலில் புருஷனைத் தவறவிட்டுவிட்டார். அந்த மனிதருக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய ஊசியைப் போட்டுக்கொண்டு, கூட்டம் கொஞ்சம் விலகினதும் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இரண்டு பேரும் நடந்திருக்கிறார்கள். கூட்டம் எங்கே விலகுகிறது? போட்டபின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை தாறுமாறாக இறங்கி ஆளையே சாய்த்துவிடுகிற ஊசி மருந்து அவர் உடம்பில். டிபன் பாக்ஸ் இந்த அம்மாவின் கூடையில். சட்டைப்பையில் சில்லறைகூடக் கிடையாதாம்.

"இன்னொரு வாட்டி சொல்லச் சொல்லும்மா. மைக்குல சொன்னா வந்துடுவாரு. கண்ணுதான் கொஞ்சம் கம்மி. காது நல்லா கேக்கும்."

நான் திரையைப் பார்த்தேன். அவர் புருஷனைப் பற்றி நான் அடித்திருந்த வரிக்குப் பக்கத்தில் 'எல்லாப் பந்தலுக்கும் அனுப்பியாச்சு' என்று இருந்தது. அடித்து வெகுநேரம் ஆகிவிட்டது. ஒரு பந்தலிலிருந்தும் பதில் இல்லை.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. எங்கள் கம்பெனி வேங்கிக்காலில் ஒரு மாடி அறை, அவ்வளவுதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றும் பாதை நெடுக உதவிப் பந்தல் போடுகிற ஊர்க்காரர்கள், காணாமல் போனவர்களைத் தேட ஒரு ஏற்பாடு வேண்டும் என்று முதலாளியைக் கேட்டிருந்தார்கள். ஊருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்னறையில் எங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டர். ஒவ்வொரு பந்தலிலும் ஒரு பழைய திரையும் கீபோர்டும் டெலிபோனும். நடுவில் டெலிபோன் வயர்; திரை ஓடுகிறவரை அதே வயரில் பேச முடியாது. நான் இங்கே ஒரு வரி அடித்தால் அது எல்லாப் பந்தல் திரையிலும் வரும், அங்கே இருக்கிற தொண்டர் மைக்கில் படிப்பார். செல்போன் அப்போது பெரிய மனிதர்கள் கையில் மட்டும்தான் இருந்தது.

இந்த மெஷின்தான் இரண்டு பௌர்ணமியாகச் சாயங்காலம் ஆனால் கழுத்தறுத்தது. முதலில் மந்தமாகும், பிறகு கல்லாகிவிடும். ரீசெட் செய்தால் எழுந்துகொள்ளும். மறுநாள் ஆபீசில் வைத்து ஓட்டிப் பார்த்தால் சமர்த்துப் பிள்ளையாக ஓடும். எனக்கு வருமே கோபம்!

கோளாறு கர்னலுக்குள் இருந்தது. எல்லா புரோகிராமுக்கும் அடியில் உட்கார்ந்து மெமரியையும் வயர்களையும் மேய்க்கிற பகுதிக்குக் கர்னல் என்று பெயர். அதற்குள் என்ன நடக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. தெரிய வேண்டுமானால், சந்தேகப்பட்ட இடத்தில் 'இதை எழுதிக் காட்டு' என்று ஒரு வரி சேர்த்து, மறுபடி கம்பைல் செய்து, மெஷினை மறுபடி கிளப்ப வேண்டும். கிளப்பினால் கோளாறு காணாமல் போய்விடும். ஒரு மாசம் காத்திருந்து பார்த்தால், சந்தேகப்பட்ட இடமே தப்பு என்று தெரியும். அப்படி ஒரு தடவை ஏமாந்ததே எனக்குப் போதும்.

கோளாறுக்கு ஒரு ஓட்டை என்று போட்டுக்கொண்டே போகாமல், எந்தக் கோளாறுக்கும் ஆகிற ஒரே ஜன்னலாகப் போட்டுவிடலாம் என்று அந்த மாசம் உட்கார்ந்தேன். மெஷின் ஓடும்போதே கர்னலுக்குள் சொருகக்கூடிய சின்ன புரோகிராம் துண்டு, மாட்யூல் என்பார்கள். அதற்குள் எந்தக் கோளாறைப் பற்றியும் எதுவும் எழுதியிருக்காது. 'இந்த இடத்திலிருந்து இத்தனையாவது பைட்டில் ஒரு எண் இருக்கும், அடுத்ததில் இன்னொன்றின் முகவரி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போ' என்று வெளியிலிருந்து நாலு வரி விவரம் கொடுத்தால், அதன்படி மெமரியைப் படித்துக் காட்டும். நாளைக்கு வேறு பிரச்சினை வந்தால் அந்த நாலு வரியை மாற்றினால் போதும்.

கர்னலுக்குள் பந்தல் வயர்களைக் கவனிக்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர்; அதை எழுதியவன் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். அவன்தான் பயமுறுத்தினான்.

"தாயே, கர்னல்ல தப்பான அட்ரஸைத் தொட்டா மெஷினே படுத்துடும். வைத்தியம் பாக்கப் போயி ஆளையே முடிச்சுடப் போற."

நியாயம்தான். அதனால் எந்த முகவரியையும் தொடுவதற்கு முன்னால், அங்கே நிஜமாகவே மெமரி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும்படி வைத்தேன். இல்லையென்றால் 'இல்லை' என்று சொல்லிவிட்டு நிற்கும். ஒரு முகவரியிலிருந்து அடுத்ததற்கு என்று போகிற சங்கிலி தன்னையே சுற்றிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வரம்பு வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேல், படிக்க மட்டும்தான் முடியும், ஒரு பைட்டைக்கூட மாற்ற முடியாது. மாற்றுகிற வசதியும் இருந்தால் என்ன என்று அவன் கேட்டான். "பாக்க வந்தவ கையும் வைப்பான்னா எவன் உள்ள விடுவான்?" என்றேன்.

பார்க்கக்கூட முதலாளி விடவில்லை என்பது வேறு விஷயம். "ஓடுற பஸ்ல பானெட்டைத் திறந்து பாப்பியா நீ? ஆபீஸ்ல வச்சு என்னா வேணா பண்ணு, பௌர்ணமி அன்னிக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார். அதனால் அந்த ஜன்னல் வழியாக நான் அதுவரை பார்த்ததெல்லாம் நோயில்லாத மெஷினைத்தான்.

இப்போது நோய் கண்ணெதிரில் இருந்தது. ஒரு எழுத்தை அடித்தால் மூச்சு வாங்கிக்கொண்டு திரைக்கு வந்தது.

"மெஷினு நின்னுடுச்சாம்மா?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா, இருங்க" என்றேன். குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை. பயமாக இருந்தது. இவர் புருஷனைப் பற்றிய வரி எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது, ரீசெட் செய்தால் அதுவும் சேர்ந்து அழியும், எழுந்த மெஷின் மறுபடி 'அனுப்பியாச்சு' என்றே சொல்லும் என்று என் மனசில் பட்டுவிட்டது.

அப்போது என் பின்னால் நின்றிருந்த, டிரைவர் எழுதியவன் வாயைத் திறந்தான். "சார், அவ பாக்கட்டும் சார். என் கோட்லதான் தப்புன்னு வந்தாலும் வரட்டும்."

முதலாளி அவனைப் பார்த்தார். அந்த அம்மாவின் கூடையைப் பார்த்தார். பொத்தானிலிருந்து கையை எடுத்தார். "சீக்கிரம்" என்றார்.

பிளாப்பியிலிருந்து மாட்யூலை ஏற்றினேன். மெஷின் சாகவில்லை. அவன் தன் டிரைவரின் அமைப்பை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல நான் விவரத்தை அடித்தேன். என்டரைத் தட்டினேன். 'அந்த இடத்தில் மெமரி இல்லை' என்று வந்தது.

"போச்சா?" என்றார் முதலாளி.

"போகல சார். தப்பான இடம்னு சொல்லுது. கேக்காம தொட்டிருந்தா போயிருக்கும்."

அவன் விரல் விட்டு எண்ணினான். நெற்றி வேர்த்திருந்தது. "அய்யய்யோ, போன மாசம் நடுவுல ஒரு எண் சேத்தேன். நாலு பைட் தள்ளிப் போடு."

தள்ளிப் போட்டேன். ஒவ்வொரு பந்தலுக்கும் அனுப்பாமல் தேங்கியிருக்கிற வரிகள் எத்தனை என்று வந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. செங்கம் ரோட்டிலிருந்து மலைப்பாதை திரும்புகிற இடத்துப் பந்தலுக்கு வந்ததும் சங்கிலி நிற்காமல் ஓடி, நான் வைத்த வரம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது. வரம்பைத் தூக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். தேங்கியிருந்த வரிகளின் எழுத்துகளையே காட்டச் சொன்னேன்.

மத்தியானத்திலிருந்து நான் அடித்த ஒவ்வொரு வரியும் அங்கே கிடந்தது. பச்சைப் பாவாடை போட்ட குழந்தை. ஆந்திராவிலிருந்து வந்த அக்கா தங்கை. அவற்றுக்குக் கீழே, கீழ்பென்னாத்தூர், கட்டம் போட்ட சட்டை, மூக்குக் கண்ணாடி, சர்க்கரை நோயாளி. அந்தப் பந்தலுக்கு ஒரு வரிகூடப் போகவில்லை. புரோகிராமைப் பொறுத்தவரை கர்னல் கையில் கொடுத்ததோடு அதன் வேலை முடிந்தது, அதனால் 'அனுப்பியாச்சு'.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். "நிறுத்துற கீ! பந்தல்காரங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். வரி வேகமா ஓடுச்சுன்னா இதை அமுக்குங்க, படிச்சு முடிச்சுட்டு மறுபடி அமுக்குங்கன்னு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் மைக் பிடித்தவர் ஒரு பெயரை ஒரு தடவை சொல்லி விடமாட்டார். 'அன்பார்ந்த பக்தகோடிகளே' என்று ஆரம்பித்து மூன்று தடவை நிறுத்தி நிதானமாகச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. நடுவில் அன்னதானம் செய்தவர்களுக்கு நன்றி வேறு. ஒரு பெயரும் படிக்காமல் ஓடிவிடக் கூடாது என்று அந்தப் பந்தல்காரர் திரையை நிறுத்தி வைத்திருக்கிறார். அப்புறம் கூட்டத்தில் மறந்துவிட்டார். இவனுடைய டிரைவர், அவர் என்றைக்காவது படிப்பார் என்று வரம்பே இல்லாமல் சேர்த்துச் சேர்த்து வைத்து, மெஷினையே மூச்சுத் திணற வைத்திருக்கிறது.

"அவுத்து வுடும்மா" என்றார் முதலாளி.

"முடியாது சார். பாக்கத்தான் முடியும்." நான் வைத்த கட்டுப்பாடு என் கழுத்தையே பிடித்தது. "அந்த லைனைப் புடுங்கினா போன்ல பேசலாம். ஆனா புடுங்கின உடனே இதெல்லாம் அழிஞ்சுடும்."

முதலாளி பேனாவை எடுத்தார். நான் படிக்கப் படிக்க அவரே எழுதிக்கொண்டார். அவன் அந்தப் பந்தலுக்கான மோடம் பெட்டியிலிருந்து வயரைப் பிடுங்கி டெலிபோனில் சொருகினான். டயல் செய்தேன். எங்கேஜ். மறுபடி செய்தேன். மறுபடி எங்கேஜ்.

"அங்கதான் இருக்காராம்மா?" அந்த அம்மா மேஜையைச் சுற்றி என் பக்கத்திலேயே வந்துவிட்டார்.

"தெரியலம்மா. அங்க மட்டும்தான் சொல்லல."

மூன்றாவது தடவை மணி அடித்தது. "ஹலோ, இங்க ஸ்கிரீன் என்னமோ ஆயிடுச்சுங்க" என்று ஆரம்பித்தவரைப் பேசவிடாமல் வரியைப் படித்தேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டு மைக்குக்குப் போனார். போன் வழியாகவே கேட்டது: "அன்பார்ந்த பக்தகோடிகளே..." அட சாமி, சீக்கிரம் சொல்லித் தொலைய்யா என்று நான் பல்லைக் கடித்தேன். மூன்று தடவையும் நிறுத்தி நிதானமாகத்தான் சொன்னார்.

திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. "கம்பத்துல சாஞ்சிக்கினு ஒருத்தரு இருக்காருங்க. அசதில தூங்குறாருன்னு வுட்டுட்டோம். வேத்துக் கொட்டுது. கூப்புட்டா ம்ங்கிறாரு."

அந்த அம்மா ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார். "சக்கரை குடுங்க! தித்திப்பா எது இருந்தாலும் குடுங்க!"

அங்கே பக்தர்களுக்கென்று அண்டா நிறையப் பானகம் இருந்தது. அந்த மனிதர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. முன்னாலேயே வேண்டுமா என்று நீட்டியிருக்கிறார்கள், எனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

இப்போது அந்தப் பானகத்தையே கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த அம்மா கண்ணை மூடியிருந்தார். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து நைந்த ஒரு குரல் எனக்கும் கேட்டது.

"நீ சாப்ட்டியா?"

அந்த அம்மாவுக்கு அடக்க முடியவில்லை. "இன்னாய்யா கேள்வி இது! வாயைத் தொறந்து யாரையாச்சும் கேட்டா இன்னா?"

"பேரு சொல்லுவாங்கன்னு காதை வச்சிக்கினு உக்காந்திருந்தேன்" என்றது குரல். "சொல்லவே இல்லியே."

முதலாளி திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒரு தொண்டரைக் கூட்டிக்கொண்டுவந்து அந்த அம்மாவைக் கூடையோடு வண்டியில் ஏற்றி அனுப்பினார். நான் மறுபடி ரிசீவரை எடுத்து, எழுதி வைத்திருந்த மிச்ச வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒவ்வொன்றையும் அவர் மைக்கில் மூன்று தடவை சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். அவசரப்படுத்தவில்லை. கடைசி வரியும் முடிந்த பிறகு முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு ரீசெட்டை அழுத்தினார்.