கேட்டுக்கு முட்டுக் கொடுத்த கோடாரி

போன ஞாயிற்றுக்கிழமை சேவியர் வந்தான். என் பள்ளிக்கூட நண்பன். பிரெஞ்சு ராணுவத்தில் ரிடையர் ஆனவன். பிரான்சில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். மூலக்குளத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தவன் உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இந்தக் கல்லு ஏதுடா?"

கேட் ஆடாமல் இருக்க நான் முட்டுக் கொடுத்திருந்த கல். கைக்கு அடக்கம், ஒரு முனை கூர், ஓரமெல்லாம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கும். மாமனாருக்குக் கட்டிய புது அறையின் தரையை நிரப்ப வந்த கிராவல் செம்மண் லோடில் கிடந்தது.

சேவியர் டிஜிட்டல் கேமராவை நீட்டினான். தென் பிரான்சில் ஒரு குகை... பக்கத்திலேயே மியூசியம்... கண்ணாடிப் பெட்டிக்குள் அச்சு அசலாக என் கேட் கல்.

"பல லட்சம் வருசமாம்டா."

கல்லையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அந்தக் குகைக்காரனுக்கும் நம்ம ஊர் செம்மண் மேட்டுக்காரனுக்கும் என்ன பழக்கம்? யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தது?

மறுநாள் சேவியர் தொல்லியல் பேராசிரியை ஒருவரை அழைத்து வந்தான். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கைக்கோடாரிதான் சார். காம்பு இல்லாம கையிலயே புடிச்சு வெட்டுற கல்லு."

"பிரான்சுலேருந்து இங்க வந்துச்சா, இங்கேருந்து அங்க போச்சா?" என்று கேட்டேன்.

"ஆப்பிரிக்காவுலேருந்து ஜனங்களோட ரெண்டு பக்கமும் போயிருக்கலாம். அங்கங்க தனியா தோணியும் இருக்கலாம். நாங்களே இன்னும் சண்ட போட்டுக்கிட்டுதான் இருக்கோம்" என்றவர், "இது எங்க கெடச்சுது? எந்த அடுக்கு மண்ணுன்னு தெரிஞ்சாதான் காலத்த சொல்ல முடியும்" என்றார்.

லாரி டிரைவருக்கு போன் போட்டேன்.

"எத்தினியோ மேட்டுல மண்ணு ஏத்துறோம் சார். அது எதுன்னு எப்பிடி சொல்றது?"

"கூட வந்த மத்த கல்லெல்லாம்?" என்றார் பேராசிரியை.

புது அறையைக் காட்டினேன். எல்லாம் அடியில், மேலே பளபளவென்று டைல்ஸ். அவர் குனிந்து தரையை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஒடைக்கணுமாம்மா?" — என் மனைவியின் குரல் இறங்கிவிட்டது. கட்டிலில் படுத்திருந்த மாமனார் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம்மா. ஒடைச்சாலும் எந்த மேட்டு மண்ணுன்னு தெரியப் போறதில்ல."

கல்லைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார். அதைச் செதுக்கியவன் எங்கே உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் யார் இருந்தார்கள்... எதுவும் இனி யாருக்கும் தெரியாது. இதற்கு வருத்தப்படுவதா, வேண்டாமா? அதுவும் புரியவில்லை.

அன்றிலிருந்து அந்த அறைக்குள் போனால் மட்டும் காலை மெல்ல எடுத்து வைக்கிறேன்.

முட்டி வலியா என்று கேட்கிறாள் மனைவி.