கயிறு முடிகிற இடம்

லிஃப்ட் கதவு திறந்தது. எதிரில் நின்ற ஐந்தாம் மாடிக்காரர் கையிலிருந்த குடையை உதறினார். நடந்தது அவ்வளவுதான். மழை நாளில் குடையை உதறாமல் வேறு என்ன செய்வார் மனுஷர். ஆனால் எங்கள் நாய், ஒன்றரை வயசு ஜெர்மன் ஷெப்பர்ட், முப்பத்திரண்டு கிலோ, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவர் மேல் பாய்ந்துவிட்டான். பல் படவில்லை. அவர் மல்லாக்க விழுந்து முழங்கை சிராய்த்தது. நான் "சாரி அங்கிள், சாரி அங்கிள்" என்று பத்து தடவை சொல்லியிருப்பேன். அவர் ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அபார்ட்மென்ட் அசோசியேஷனிலிருந்து மெயில். இரண்டு மாதம் அவகாசம். இந்த நாயை என்னால் கட்டுப்படுத்த முடியும் என்று ஒரு பயிற்சியாளரிடம் கடிதம் வாங்கிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாய் இங்கே இருக்கக் கூடாது. அப்படிச் சொல்ல அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரமே இல்லை என்றாள் ஆபீசில் ஒருத்தி. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தினம் அந்த லிஃப்டில் ஏறி இறங்கப் போவது அவளா, நானா?

என் வீட்டுக்காரர் அதற்குள் கோலார் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் நண்பரிடம் பேசிவிட்டிருந்தார். காவலுக்கு ஆகும் என்றாராம் நண்பர். காவல் என்றால் என்ன, சங்கிலிதான். ராத்திரி என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்குகிற நாயை மாமரத்தில் கட்டிப்போடுவார்கள். "ரெண்டு மாசம் இருக்கில்ல, அதுக்குள்ள வாயத் திறக்காதீங்க" என்றேன்.

வைட்ஃபீல்டைத் தாண்டி, தைல மரங்களுக்கு நடுவே ஒரு செம்மண் மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே பாதுகாப்பு நாய் விளையாட்டுப் பயிற்சி நடக்கும். எதிரி மாதிரி ஒருவர் வருவார், நாய் குரைத்து அவரை நிறுத்த வேண்டும், அவர் கையில் மாட்டியிருக்கிற சணல் ஸ்லீவை மட்டும் கடிக்க வேண்டும், சொன்னதும் விட வேண்டும். இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாயுற நாய்க்குக் கடிக்கவும் கத்துக்குடுக்கப் போறியா? நல்லா இருக்கு."

பயிற்சி நடத்தியவர் ஐம்பது வயசிருக்கும் ஒரு கன்னடப் பெண்மணி. எல்லாரும் மேடம் என்பார்கள். பத்து நிமிஷம் நாயைப் பார்த்தார். நாய்க்கு ஒன்றும் இல்லை, பயமும் இல்லை வெறியும் இல்லை, எங்கே நிற்கணும் என்று யாரும் சொல்லித்தரவில்லை என்றார். அடுத்த வார்த்தை: "மூணு வாரம் நாய் கார்லயே இருக்கட்டும். முதல்ல நீங்க கத்துக்குங்க."

எதிரியாக வருபவரை அங்கே ஹெல்பர் என்பார்கள். ஹெல்பர் என்றதும் யாரோ சின்னப் பையன் என்று நினைத்தேன். வந்தது தொப்பையும் தடித்த மீசையுமாக நாற்பது வயசு மனுஷர். ஸ்ரீராம்புரத்துக்காரர், திங்கள் முதல் வெள்ளி வரை கம்பெனி ஷட்டில் வேன் ஓட்டுகிறவர். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவருக்கும் தெம்பு, எனக்கும் தெம்பு. சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு என்னை அதன் பின்னால் நிற்கவைத்தார். கயிற்றின் ஒரு நுனி என் கையில், இன்னொரு நுனி அவர் இடுப்பில். அவர்தான் நாய். சும்மா சொல்லக் கூடாது, குரைத்தார் பாருங்கள், காரிலிருந்து எங்கள் நாய் பதில் குரைத்தான்.

சிரித்துக்கொண்டே நின்றவளை ஒரே இழுப்பில் மூன்றடி கொண்டுபோய்விட்டார். மறுபடி நின்றேன். மறுபடி போனேன்.

"இதாங்க்கா அபார்ட்மென்ட் காலு," என்றார். "அங்க நாய் இழுக்கும், நீங்க பின்னாலயே போவீங்க. இங்க வர்றவங்க எல்லாருக்கும் இதே காலுதான். இங்க அது ஆவாது."

"ஒரு அடி போனா என்ன ஆயிடும்?"

அவர் சிரிக்கவில்லை. "நா நாயப் பாத்து நிக்கிறதில்லக்கா. உங்க காலப் பாத்துதான் நிக்கிறேன். உங்க காலு எங்கயோ, அதுக்குத் தக்கனதான் கயிறு முடியும். அதுக்கு அந்தாண்ட என் கை. ஸ்லீவ் ஒரு கையிலதான் இருக்குது. இன்னொரு கை வெறுங்கை. அந்தக் கையாலதான் திங்கட்கெழம ஸ்டியரிங் புடிக்கணும்."

மூன்று வாரம் அப்படித்தான் போயிற்று. தோள் வலி, உள்ளங்கையில் கொப்புளம். நாலாவது ஞாயிறு நாயை இறக்கச் சொன்னார் மேடம். மார்புப் பட்டை போட்டு, கயிற்றை மாட்டி, கோட்டுக்குப் பின்னால் நின்றேன். பத்துப் பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் வீட்டுக்காரரும்தான். நாலு வாரம் போயே போய்விட்டது, கடிதத்துக்கு இன்னும் நாலு வாரம் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

ஹெல்பர் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். இடது கையில் ஸ்லீவ், வலது கையில் தோல் சுற்றிய குச்சி. நாய் பாய்ந்தான். கயிறு விறைத்தது. நான் நின்றேன். நிஜமாகவே நின்றேன். குரைத்தான், முன்னங்கால் இரண்டும் தரையை விட்டு எழும்ப, இருமலும் குரைப்புமாகக் கத்தினான். அதுவரை நான் கேட்காத குரல். பட்டை அழுத்துகிறதோ, மூச்சு முட்டுகிறதோ என்று ஒரு விநாடி. ஐயோ பாவம் என்று தோன்றிய அந்த ஒரு விநாடியில் என் வலது கால் தானாகக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

அவ்வளவு போதும் அவனுக்கு. ஸ்லீவ் குறுக்கே வருவதற்கு முன்னால் அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

ஹெல்பர் கத்தவில்லை. கையை இழுத்தால் கிழியும் என்று அவருக்குத் தெரியும். அப்படியே அசையாமல் நின்று, "மேடம்" என்று மட்டும் கூப்பிட்டார். மேடம் ஓடிவந்து கழுத்துப்பட்டையைப் பிடித்துத் தூக்க, நாய் விட்டான். செம்மண்ணில் ரத்தம் சொட்டினால் உடனே தெரியாது. அவர் சட்டைக் கையில் தெரிந்தது.

"என்ன ஆச்சு?" மேடம் என்னைத்தான் கேட்டார். "கோட்டைத் தாண்டினீங்களா?"

எனக்கு மாந்தோப்பு கண்ணில் வந்தது. சங்கிலி வந்தது. "நான் நகரவே இல்ல மேடம்," என்றேன். குரல்கூட நடுங்கவில்லை. "அவர்தான் ரொம்பக் கிட்ட வந்துட்டார்."

சொல்லிவிட்டு ஹெல்பரைப் பார்த்தேன். அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் அதற்குள் கோட்டுக்குப் பின்னால் வந்திருந்தது. மேடம் எல்லார் முன்னாலும் கன்னடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷ அனுபவம், புது ஆள் முன்னால் இப்படியா நிற்பது என்று. அவர் "ஆய்த்து மேடம்" என்று ஒத்துக்கொண்டார்.

நாயைக் காரில் ஏற்றிவிட்டு, முதலுதவிப் பெட்டியோடு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நாய்க்குத் தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு என்று உளறினேன். தெரியும் என்றார்.

"நீங்க ஏன் சொல்லல?" என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இருந்ததா என்றால், இல்லை.

"நாய வெச்சிக்கினு சண்ட போடக் கூடாதுக்கா. அது குழம்பிடும்." குழாயை மூடினார். "ஆனா இனிமே உங்க கயித்துக்கு முன்னால நா நிக்க மாட்டேன். காலு தப்பினதுக்கு இல்ல. எல்லாருக்கும் தப்பும். தப்பிடுச்சுன்னு சொன்னா, அடுத்த தபா நா தள்ளி நிப்பேன். தப்பவே இல்லன்னா நா எங்கக்கா நிக்கிறது?"

என் பிடிவாதம் ஊரறிந்தது. தப்பு என் பேரில் என்று வாய்விட்டு ஒத்துக்கொண்டதாக எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அன்றைக்கு அந்தத் தொட்டியிலிருந்து மைதானத்தின் நடுவுக்கு நடந்தேன். பத்துப் பேரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். "மேடம், நான்தான் தாண்டினேன். பொய் சொன்னேன். அவர் மேல தப்பில்ல," என்றேன். அவமானத்தில் காது எரிந்தது. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

மேடம் டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "உங்க அசோசியேஷன் கேக்கிற லெட்டர் நாயப் பத்தி இல்ல, உங்களப் பத்தி," என்றார் உடைந்த தமிழில். "ஹெல்பர் மறுபடி உங்க முன்னால நின்னா நான் எழுதறேன். இல்லேன்னா எழுத மாட்டேன்."

அடுத்த மூன்று ஞாயிறும் ஹெல்பர் வரவில்லை. ஐந்து தையல், ஷட்டிலை வேறொருவர் ஓட்டுகிறார் என்றார்கள். போன் செய்தேன், எடுத்தார், மன்னிப்புக் கேட்டேன், சரிக்கா என்றார். வருவாரா என்று கேட்காமலே போனை வைத்தேன்.

தினம் சாயங்காலம் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில், கார்களுக்கு நடுவே, சாக்பீஸால் கோடு போட்டு நின்றேன். மறுமுனையில் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர். நானாகக் கேட்கவில்லை, அவராக வந்தார். இழுத்தார், குரைக்கச் சொன்னேன், குரைத்தார். செக்யூரிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஐந்தாம் மாடிக்காரர் ஒருநாள் காரை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துவிட்டு லிஃப்டுக்குப் போனார். இருபது நாளில் என் கால் நின்றது. எதற்கு நிற்கிறது, யார் முன்னால் நிற்கப்போகிறது என்றுதான் தெரியவில்லை.

கெடு முடிவதற்கு முந்தின ஞாயிறு. மைதானத்தில் அவர் இருந்தார்.

மணிக்கட்டில் தழும்பு சிவப்பாக இருந்தது. நாயை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். கோட்டுக்குப் பின்னால் நின்றேன். மேடம் ஸ்லீவை எடுத்து நீட்ட, "பேடா மேடம்" என்று வேண்டாமெனத் தலையசைத்தார். மேடம் அதட்டினார். அவர் கேட்கவில்லை. குச்சியையும் கீழே போட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

"வேணாங்க, ஸ்லீவ் போட்டுக்குங்க," என்றேன்.

"நில்லுங்கக்கா," என்றார்.

என் காலைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். இரண்டு எட்டு முன்னால் வந்து, தழும்பிருந்த கையை நீட்டினார். நாய் பாய்ந்தான். கயிறு உள்ளங்கையை அறுத்தது, குதிகால் மண்ணுக்குள் இறங்கியது. அவன் எழும்பினான், அதே குரலில் கத்தினான், நான் நின்றேன். அவன் மூச்சு அந்த விரல்களில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் கையைப் பின்னால் இழுக்கவில்லை.